டோக்கியோ முதல் பயணம்: ஒரு திருத்தக் குறிப்பு

டோக்கியோவுக்கு முதல் தடவை போகிறவர்கள் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "மூணு நாள் இருக்கு, எதெது பார்க்கலாம்?" எட்டு வருடங்களுக்கு முன் அலுவலக வேலையாகப் போய்வந்த சூட்டில் இதற்கு ஒரு பதில் எழுதி வைத்திருந்தேன். அதில் அசாகுசா பகுதியிலுள்ள சென்சோஜி கோயிலைப் பற்றி இப்படி இருந்தது: "வெறும் கான்கிரீட். பழைய கோயில் மாதிரி போட்ட செட். நேரம் மிஞ்சினால் போங்கள்." அந்த வரியை நம்பி என்னோடு வேலை பார்க்கும் ஒருவர், தன் பெற்றோரை அங்கே அழைத்துப் போகாமலேயே திரும்பிவிட்டார். அவருடைய அப்பாவுக்கு இனி அவ்வளவு தூரம் விமானத்தில் போக முடியாது.

போன வருடம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு இரண்டாம் முறை போனேன். அப்போதுதான் நான் எழுதியது எவ்வளவு அவசரமான வரி என்று உறைத்தது. இந்தக் குறிப்பு அதற்கான திருத்தம். கூடவே, முதல்முறை போகிறவர்களுக்கு ஒரு வழித்தடமும்.

அம்மா கேட்ட கேள்வி

சென்சோஜி முற்றத்தில் கிங்கோ மரம் உண்டு. விசிறி மாதிரி இலை, இலையுதிர் காலத்தில் மஞ்சளாகிக் கொட்டும். கூட்டமெல்லாம் கோயிலைப் படம் எடுத்துக்கொண்டிருக்க, அம்மா மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏய்யா, இந்த மரம் ஒரு பக்கம் கரிக்கட்டையால்லா இருக்கு. இடி விழுந்துச்சோ?"

"தெரியலம்மா" என்றேன். உண்மையிலேயே தெரியவில்லை. முதல் பயணத்தில் அந்த மரத்தை நான் பார்க்கவே இல்லை.

ராத்திரி அறைக்கு வந்து தேடிப் படித்தேன். இடி இல்லை. 1945 மார்ச் 9 நள்ளிரவு தாண்டி, 10ஆம் தேதி விடிவதற்குள், அமெரிக்காவின் பி-29 விமானங்கள் டோக்கியோவின் கிழக்குப் பகுதியில் தீக்குண்டுகளைக் கொட்டின. மர வீடுகள் நெருக்கியடித்து நின்ற பகுதி அது. ஒரே இரவில் சுமார் ஒரு லட்சம் பேர் இறந்தார்கள். 1649இல் கட்டிய சென்சோஜியின் பிரதான மண்டபம் அன்று எரிந்தது. 1923 பெரும் பூகம்பத்திலும் அதைத் தொடர்ந்த தீயிலும் தப்பிய கட்டடம், இந்த முறை தப்பவில்லை. மரமும் எரிந்தது. ஆனால் மரம் பிறகு துளிர்த்துவிட்டது.

நான் "செட்" என்று எழுதிய கான்கிரீட் மண்டபம் 1958இல் எழுந்தது. ஊரையே இழந்த மக்கள், அதே இடத்தில் அதே வடிவத்தில், இனி தீப்பிடிக்காத பொருளில் திரும்பக் கட்டியது. கல்லில் கட்டிய கோயில்களைப் பார்த்து வளர்ந்த கண் எனக்கு. பழமை என்றால் பழைய கல் என்றே நினைத்துவிட்டேன். எங்கள் தொழிலில் ஒரு பழைய நிரலைத் திறந்தால், இதைக் கடைசியாக எப்போது மாற்றினார்கள், எதற்காக மாற்றினார்கள் என்று முதலில் பார்ப்போம். அந்தப் பழக்கத்தை ஊர் பார்க்கும்போது மட்டும் விட்டுவிட்டேன்.

பிறகு ஆர்வத்தில் டோக்கியோவின் பிரபலமான இடங்களை ஆண்டுவாரியாக ஒரு பட்டியல் போட்டேன். சென்சோஜி மண்டபம், 1958. மெய்ஜி ஆலயத்தின் இப்போதைய கட்டடம், 1958. டோக்கியோ டவர், 1958 டிசம்பர். பயணிகள் தவறாமல் போகும் மூன்று இடங்கள், போர் முடிந்த பதின்மூன்றாம் ஆண்டில், ஒரே வருடத்தில் முடிந்திருக்கின்றன. அந்த ஊரைப் பார்க்கச் சரியான வழி இதுதான் என்று தோன்றியது. எது எவ்வளவு பழசு என்று கேட்பதைவிட, எது எரிந்தது, யார் எப்போது திரும்பக் கட்டினார்கள் என்று கேட்டால் டோக்கியோ வேறு மாதிரி தெரிகிறது.

ஒரே ரயில், ஆரஞ்சு நிறம்

டோக்கியோவின் ரயில் வரைபடத்தைப் பார்த்தால் முதலில் தலை சுற்றும். பயப்பட வேண்டாம். முதல் பயணத்துக்கு கின்சா லைன் என்ற ஆரஞ்சு நிறப் பாதையை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். ஜப்பானின் முதல் மெட்ரோ இது. 1927 டிசம்பர் 30 அன்று அசாகுசாவிலிருந்து உயெனோ வரை வெறும் 2.2 கிலோமீட்டர் ஓடத் தொடங்கியது. இன்று அசாகுசாவிலிருந்து ஷிபுயா வரை 14.3 கிலோமீட்டர், 19 நிலையங்கள். முழுவதும் போக அரை மணிக்குக் கொஞ்சம் மேல் ஆகும். பார்க்க வேண்டியவற்றில் பாதிக்கு மேல் இந்தக் கோட்டின் மேலேயோ பக்கத்திலேயோ இருக்கின்றன. கிழக்குக் கோடியில் தொடங்கி மேற்கே போகலாம்.

அசாகுசா

காலை எட்டு மணிக்குள் போய்விடுங்கள். பத்து மணிக்கு மேல் நாகாமிசே கடைத்தெருவில் தள்ளுமுள்ளுதான். அது சுமார் 250 மீட்டர் நீளம். முகப்பில் காமினரிமோன், அதாவது இடி வாசல். நடுவில் தொங்கும் சிவப்பு விளக்குக்கூண்டு 3.9 மீட்டர் உயரம், 700 கிலோ எடை. இந்த வாசலுக்கும் அதே கதை. 1865 தீயில் போனது, 95 வருடம் வாசலே இல்லாமல் இருந்தது. 1960இல் மாட்சுஷிதா கோனோசுகேயின் நன்கொடையில் திரும்ப எழுந்தது. இன்றைய பானசோனிக் நிறுவனத்தைத் தொடங்கியவர் அவர். விளக்கின் அடிப்பக்கம் குனிந்து பார்த்தால் அவர் நிறுவனத்தின் பழைய பெயர் தெரியும்.

உள்ளே நூறு யென் போட்டு உலோக டப்பாவைக் குலுக்கினால் எண் போட்ட குச்சி வரும். அந்த எண் உள்ள இழுப்பறையில் பலன் சீட்டு. சென்சோஜியில் கெட்ட சீட்டு அதிகம் வரும் என்று பெயர். அம்மாவுக்கு அதுதான் வந்தது. பக்கத்துக் கம்பியில் கட்டிவிட்டு வந்துவிட்டால் கெட்டது அங்கேயே நின்றுவிடுமாம். அம்மா இரண்டு முடிச்சாகப் போட்டார்.

இங்கே வழிபடப்படுவது கன்னோன். 628ஆம் ஆண்டில் சுமிதா ஆற்றில் மீன் பிடித்த சகோதரர் இருவர் வலையில் சிலை சிக்கியது என்பது தலபுராணம். அந்தச் சிலையை யாருக்கும் காட்டுவதில்லை. கன்னோன் வேறு யாரும் இல்லை, அவலோகிதேசுவரர்தான். அவர் உறையும் மலை போதலகம் என்று பௌத்த நூல்கள் சொல்கின்றன. ஜப்பானில் அதற்குப் பெயர் ஃபுதாராகு. அந்த மலை நம் பொதிகைதான் என்று வாதிட்டவர் ஒரு ஜப்பானியரே: தமிழ்நாட்டில் தங்கி ஆய்வு செய்த ஷூ ஹிகோசாகா. 11ஆம் நூற்றாண்டு வீரசோழியமும் அகத்தியர் அவலோகிதரிடம் தமிழ் கற்றதாகச் சொல்கிறது. எங்கள் ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். விஷயத்தைச் சொன்னதும் அம்மா, "அப்போ நம்ம மலைச் சாமின்னு சொல்லு" என்றார். அப்படி ஒரே போடாகப் போட்டுவிட முடியாது, ஓர் ஆய்வாளரின் வாதம் அது. ஆனாலும் அம்மா அதற்குப் பிறகு இன்னொரு தடவை போய்க் கும்பிட்டுவிட்டு வந்தார்.

மண்டபத்துக்கு வலப்பக்கம் அசாகுசா ஆலயம். சிலையைக் கண்டெடுத்தவர்களுக்கான கோயில் இது. பெரும்பாலோர் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. ஆனால் 1649இல் கட்டிய மரக் கட்டடம் அப்படியே நிற்பது இங்கேதான். எரிந்ததையும் எரியாததையும் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கலாம்.

ஆற்றங்கரைக்கு வந்தால் எதிரே ஸ்கைட்ரீ. 634 மீட்டர், 2012இல் திறந்தது. பூகம்பத்தைத் தாங்க அதன் நடுவில் தனியாக ஒரு கான்கிரீட் தூண் நிற்கிறது. ஐந்தடுக்குப் பகோடாக்களின் நடுத்தூணை நினைத்து அதற்கு 'ஷின்பாஷிரா' முறை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மேலே ஏறக் கட்டணம் அதிகம். உயரத்திலிருந்து ஊரைப் பார்த்தால் போதும் என்றால், ஷின்ஜுகுவில் மாநகர அரசுக் கட்டடத்தின் 45ஆம் மாடிக்கு இலவசமாகப் போகலாம். 202 மீட்டர்.

படகு

அசாகுசாவிலிருந்து கடல் பக்கமாகப் படகு போகிறது. சுமார் நாற்பது நிமிடம். முட்டி வலியோடு நடக்கும் பெரியவர்களுக்கு இதைவிட நல்லது எதுவும் இல்லை. வரிசையாகப் பாலங்கள் வரும்: அஸுமா சிவப்பு, கோமாகாதா நீலம், உமாயா பச்சை, குராமாயே மஞ்சள். அழகுக்கு அடித்த வண்ணம் என்று மட்டும் முதலில் நினைத்தேன். இவையெல்லாம் 1923 செப்டம்பர் 1 பூகம்பத்துக்குப் பிந்திய சீரமைப்பில், 1920களின் கடைசியிலும் 30களின் தொடக்கத்திலும் கட்டியவை. அந்தப் பூகம்பம் பகல் 11:58க்கு வந்தது. மதியச் சமையலுக்கு அடுப்பு எரிந்த நேரம். தீயில் இறந்தவர்கள்தான் அதிகம். இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் சேர்த்துச் சுமார் 1,05,000.

பயணப் பட்டியல்களில் அவ்வளவாக வராத ஓரிடத்தை இங்கே சேர்க்கிறேன். ரியோகோகு நிலையத்தின் பக்கம் யோகோஅமிசோ பூங்கா. பூகம்பத்தன்று இந்தத் திறந்தவெளியில் தஞ்சம் புகுந்தவர்களில் சுமார் 38,000 பேர் தீச்சூறாவளியில் இறந்தார்கள். 1930இல் எழுந்த நினைவு மண்டபத்தில் பூகம்பத்தில் இறந்தவர்களின் அஸ்தியும், பிறகு குண்டுவீச்சில் இறந்தவர்களின் அஸ்தியும் சேர்ந்து இருக்கின்றன, சுமார் 1,63,000 பேருடையவை. பூகம்பத்தை ஒட்டிக் கிளம்பிய வதந்தியால் கொரியர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்களுக்கும் இதே பூங்காவில் 1973இல் வைத்த நினைவுக்கல் உண்டு. நுழைவுக் கட்டணம் கிடையாது. கூட்டமும் கிடையாது. மண்டபத்தை வடிவமைத்த இதோ சூதா இந்தியா வரை வந்து கட்டடங்களைப் பார்த்தவர். இந்தியக் குடைவரை முகப்பு போல இருக்கும் சுகிஜி ஹோங்கான்ஜி கோயிலும் (1934) அவர் கைவண்ணம்தான்.

உயெனோ

மறுபடி ஆரஞ்சு ரயில். உயெனோவில் பூங்கா, மிருகக்காட்சிசாலை (1882, ஜப்பானின் முதல்), டோக்கியோ தேசிய அருங்காட்சியகம் எல்லாம் ஒரே மேட்டில். அருங்காட்சியகத்துக்கு அரை நாள் ஒதுக்குங்கள். அதன் முதன்மைக் கட்டடமும் 1923இல் இடிந்ததற்கு மாற்றாக 1938இல் திறந்ததே.

எனக்குப் பிடித்தது அங்கே ஒரு சிறு மேட்டில் உள்ள உயெனோ தாய்புத்சு, பெரிய புத்தர். பெரிய புத்தர் என்று தேடிப் போனால் சுவரில் பதித்த முகம் மட்டும்தான் இருக்கும். பலமுறை சேதப்பட்ட சிலை அது. 1923இல் தலை கீழே விழுந்தது. பிறகு போருக்கு உலோகம் வேண்டும் என்று உடலை உருக்கக் கொண்டுபோய்விட்டார்கள். மிஞ்சியது முகம். "இனிமேல் விழ முடியாத புத்தர்" என்று சொல்லி, தேர்வில் விழக்கூடாது என்று மாணவர்கள் வந்து வேண்டிக்கொள்கிறார்கள். ஒரு பேரிழப்பைக்கூட இப்படிப் புழங்கும் பொருளாக மாற்றிக்கொள்ள முடியும் என்று அங்கேதான் பார்த்தேன்.

நிஹோன்பாஷி, அரண்மனைத் தோட்டம்

நிஹோன்பாஷி பாலம்தான் ஜப்பானின் சாலைகளுக்கு மைல் பூஜ்யம். இப்போதைய கல்பாலம் 1911இல் கட்டியது. குண்டுவீச்சின் கரித்தடம் கல்லில் இன்னும் இருக்கிறது. தலைக்கு மேலே அசிங்கமாக ஒரு விரைவுச்சாலை போகும். 1964 ஒலிம்பிக்ஸ் வருகிறதே என்று 1963இல் அவசரமாகப் போட்டது. அதை நிலத்தடிக்குக் கொண்டுபோகும் வேலை நடக்கிறது, 2040 வரை இழுக்கும். அதாவது, கட்டியதைத் திரும்ப எடுப்பதும் இங்கே நடக்கிறது.

அங்கிருந்து கால்மணி நேரம் நடந்தால் அரண்மனையின் கிழக்குத் தோட்டம். அனுமதி இலவசம். திங்கள், வெள்ளி விடுமுறை; இதைப் பார்க்காமல் போய்த்தான் முதல் பயணத்தில் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு வந்தேன். உள்ளே எடோ கோட்டையின் பிரதான கோபுரம் நின்ற கல்மேடை இருக்கிறது. மேடைதான், மேலே ஒன்றுமில்லை. 1657 பெருந்தீயில் கோபுரம் எரிந்தது. மேடையை மறுபடி கட்டி முடித்த பிறகு, இப்போது அவசியம் கோபுரம் இல்லை, ஊரைச் சீராக்குவதுதான் என்று ஹோஷினா மசாயுகி என்ற பிரபு வாதிட்டார். கோபுரம் எழும்பவே இல்லை. முதலில் பார்ப்பவர்களுக்கு "இதுல என்ன இருக்கு?" என்று தோன்றும். எதைத் திரும்பக் கட்ட வேண்டாம் என்று எடுத்த முடிவு அங்கே இருக்கிறது.

கின்சாவில் கடைகளைப் பார்ப்பவர்கள் பார்க்கட்டும். டோக்கியோ டவருக்கு இங்கே ஹிபியா லைன் மாறி காமியாச்சோவில் இறங்கலாம். 333 மீட்டர். கொரியப் போரில் ஓடித் தேய்ந்த அமெரிக்க டாங்கிகளின் பழைய இரும்பும் இதில் சேர்ந்திருக்கிறது என்பார்கள். ஏறுவதைவிட, பக்கத்திலுள்ள சோஜோஜி கோயிலின் 1622ஆம் ஆண்டு மர வாசலோடு சேர்த்துக் கீழேயிருந்து பார்ப்பது நல்லது.

மெய்ஜி ஆலயம், ஷிபுயா

ஓமோதெசாந்தோவில் இறங்கி மரநிழல் சாலையில் நேராக நடந்தால் மெய்ஜி ஆலயம். அந்தச் சாலையின் பெயருக்கே கோயிலுக்குப் போகும் முன்வழி என்றுதான் பொருள். ஆலயம் 1920இல் உருவானது, 1945 ஏப்ரலில் எரிந்தது, 1958இல் திரும்ப எழுந்தது. ஆனால் இங்கே பார்க்க வேண்டியது காடு. சுமார் 70 ஹெக்டேர். இயற்கைக் காடு என்று சத்தியம் செய்வீர்கள். நாடு முழுவதிலிருந்தும் மக்கள் கொடுத்த சுமார் ஒரு லட்சம் மரக்கன்றுகளை வைத்து மனிதர் நட்டது. எந்த மரம் முதலில் வளரும், எது அதை மீறும், நூறு வருடத்தில் எது நிலைக்கும் என்று ஹோண்டா செய்ரோகு தலைமையில் கணக்குப் போட்டு நட்டார்கள். பாதையில் விழும் இலைகளைக் கூட்டி அள்ளிக் காட்டுக்குள்ளேயே திரும்பப் போட்டுவிடுகிறார்கள்.

கடைசி நிறுத்தம் ஷிபுயா. பள்ளத்தாக்கில் அமைந்த இடம்; அதனால் இவ்வளவு நேரம் நிலத்தடியில் வந்த ரயில் இங்கே தரைக்கு மேலே வந்து நிற்கும்! வெளியே புகழ்பெற்ற நாற்சந்தி. எல்லாப் பக்கமும் வண்டி நிற்க, மக்கள் குறுக்கும் நெடுக்கும் கடப்பார்கள். ஒரு தடவை நீங்களும் கடந்து பாருங்கள், ஒருவர்கூட இடிக்கமாட்டார்.

பக்கத்தில் ஹாச்சிகோ நாயின் சிலை. எஜமானரான பேராசிரியர் உயெனோ 1925இல் இறந்த பிறகும் 1935இல் தான் சாகும்வரை நிலையத்துக்கு வந்து காத்திருந்த நாய். எல்லோரும் வரிசையில் நின்று படம் எடுக்கிறார்கள். அதுவும் இரண்டாவது சிலை! நாய் உயிரோடு இருக்கும்போதே 1934இல் வைத்த முதல் சிலை, போரில் உலோகத்துக்காக உருக்கப்பட்டது. அதைச் செய்த சிற்பி ஆந்தோ தேருவும் போரில் இறந்தார். 1948இல், ஊரே சோற்றுக்குத் திண்டாடிய காலத்தில், அவருடைய மகன் திரும்பச் செய்து வைத்தார்.

சில நடைமுறைக் குறிப்புகள்

சுயிகா அல்லது பாஸ்மோ அட்டை வாங்கிக்கொள்ளுங்கள். ரயில், பேருந்து, சின்னக் கடை எல்லாவற்றுக்கும் ஆகும்.

எல்லா வாசலிலும் லிஃப்ட் இருக்காது. வயதானவர்களோடு போனால் வெளியே வரும் முன் லிஃப்ட் உள்ள வாசல் எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள். நான் பார்க்காமல் அம்மாவை மூன்று தடவை படி ஏற வைத்தேன், திட்டும் வாங்கினேன்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு: காய்கறி மட்டும் மிதக்கும் சூப்பிலும் அடிச்சாறு மீனாக இருக்கலாம். 'தாஷி' என்ற அந்தச் சாறு கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் உண்டு. "மீன் இல்லையே?" என்று கேட்டால் "இல்லை" என்பார்கள், துண்டு இல்லை என்ற அர்த்தத்தில். தாஷி என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

தெருவில் குப்பைத்தொட்டி கிடைப்பது அபூர்வம். பையில் ஒரு கவர் வைத்துக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் ஒரே நாளில் ஓடி முடிக்க முடியாது. அசாகுசா, படகு, நினைவுப் பூங்கா ஒரு நாள். உயெனோ, நிஹோன்பாஷி, தோட்டம் ஒரு நாள். டவர், மெய்ஜி காடு, ஷிபுயா ஒரு நாள்.

என் பழைய குறிப்பில் அந்த ஒரு வரியை மாற்றிவிட்டேன். நண்பருக்கும் தகவல் சொன்னேன், மன்னிப்பும் கேட்டேன். கரிந்த மரத்தின் படத்தை அவர் அப்பாவுக்கு அனுப்பினேன். பெரியவர் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, இலை எந்தப் பக்கம் அடர்த்தி என்று கேட்டாராம். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அடுத்த முறை யாராவது போனால் பார்த்துச் சொல்லுங்கள்.

இப்போது அந்த வரி இப்படி இருக்கிறது: "சென்சோஜி: முதலில் இங்கே போங்கள். 1958இல் கட்டியது. முற்றத்து மரத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போங்கள்."